தாசன் என்ற பெயரும் தன்மான வாழ்வும்

(கவிஞர் பாரதிதாசன் பிறந்த நாளை ஒட்டி, நாமக்கல் வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



எனக்கு முன் பேசிய தோழர்கள் கவிஞர் பாரதிதாசன் அவர்களை மிகவும் புகழ்ந்து பேசினார்கள். அந்தப் புகழ்ச்சியில் எனக்கு ஆட்சேபணை கிடையாது. ஆனால் நானும் அதையே திருப்பிச் சொல்லிவிட்டுப் போனால், பஜனை மடத்தில் ஒருவர் சொன்ன நாமாவளியை மற்றவர் திருப்பிச் சொன்ன கதையாகத்தான் முடியும். நாம் கூடியிருப்பது பஜனை செய்வதற்காக அல்லவே! ஆகையால் கவிஞரைப் பற்றி நம்மைப் பார்த்துக் கேட்கப்படுகிற ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதற்குப் பதில் சொல்லுகிற முறையில் அவருடைய வாழ்க்கையை உங்கள் முன் வைக்கலாம் என்று நினைக்கிறேன்.

அந்தக் கேள்வி என்னவென்றால், "சுயமரியாதை, சுயமரியாதை என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கிறீர்களே, உங்கள் இயக்கத்தின் பெரிய கவிஞர் தம் பெயரையே 'தாசன்' என்று வைத்துக்கொண்டாரே! தாசன் என்றால் அடிமை என்றுதானே பொருள்? அதுவும் யாருக்கு? பிறப்பால் பார்ப்பனரான சுப்பிரமணிய பாரதியாருக்கு! இதுதான் உங்கள் சுயமரியாதையா?" என்பதுதான். எதிரிகள் கேலியாக இதைக் கேட்கிறார்கள். நம் வாலிபர்கள் சந்தேகமாகக் கேட்கிறார்கள். யார் கேட்டாலும் கேள்வி கேள்விதான். கேள்வியைக் கண்டு கோபிப்பது புரோகிதனுடைய வேலை. பகுத்தறிவுக்காரன் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன்.

முதலில் அவருடைய சரித்திரத்தைச் சுருக்கமாகக் கேளுங்கள்.

1891ஆம் வருஷம் ஏப்ரல் 29ஆம் தேதி புதுச்சேரியில் கனகசபை - இலக்குமி அம்மாள் தம்பதிகளுக்குப் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் சுப்புரத்தினம். அன்றைக்குப் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. அந்த ஆட்சி 1954 வரையில் நீடித்தது. பழைய முறைப்படி தமிழ்ப் புலவர்களிடம் இலக்கணமும் இலக்கியமும் கற்றார். 1909இல், பதினெட்டு வயதில், பிரெஞ்சு சர்க்கார் பள்ளிக்கூடத்தில் தமிழ் உபாத்தியாயராக உத்தியோகம் கிடைத்தது. முதலில் காரைக்கால் பக்கம் நிரவி என்ற ஊரில் வேலை. பிறகு ஊர் ஊராக மாற்றல். 1946இல் ஓய்வு பெறும் வரையில் 37 வருஷம் அவருக்குச் சோறு போட்டது கவிதை அல்ல, உபாத்தியாயர் வேலைதான்.

இந்த 37 வருஷத்தை நம்மவர்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் தாண்டிப்போக மாட்டேன். ஏனென்றால், அவர் கவிதை நமக்குப் புரிகிறதற்குக் காரணமே அந்த 37 வருஷம் என்பது என் அபிப்பிராயம். பண்டிதர்கள் பண்டிதர்களுக்காகவே பாட்டு எழுதினார்கள். நான்கு பேர் கூடி உரை எழுதினால்தான் விளங்கும். பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் அப்படிச் செய்ய முடியுமா? எதிரே உட்கார்ந்திருக்கிற உழவன் மகனுக்கும், நெசவுக்காரன் மகனுக்கும் விளங்கவில்லை என்றால், அந்தப் பையன் முகமே காட்டிக் கொடுத்துவிடும். ஒவ்வொரு நாளும் பிள்ளைகள் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொல்லைத் தேர்ந்தெடுத்தவர் எழுதிய பாட்டு அது. ஆதலால்தான் பள்ளிக்கூடத்துப் படிப்போடு நின்றுபோன என் போன்றவனும் அகராதியைத் தேடாமல் அதைப் படிக்க முடிகிறது.

அந்த உத்தியோகம் சுகமான உத்தியோகம் என்றும் எண்ணிவிடாதீர்கள். அவர் மேல் சர்க்காருக்கு விரோதமானவர் என்ற குற்றச்சாட்டு வந்து, சிறையிலும் இருந்து, பிறகு வழக்காடித்தான் வேலையை மீட்டார். சர்க்கார் சம்பளக்காரர் என்பதனால் கிறுக்கன், கிண்டற்காரன் என்றெல்லாம் பல புனைபெயர்களில் எழுதினார். அந்தப் பெயர்களில் ஒன்றுதான் பாரதிதாசன். மற்றப் பெயர்கள் உதிர்ந்துவிட்டன. இது ஒன்று நிலைத்துவிட்டது.

இனி அந்தப் பாரதியார் சங்கதிக்கு வருவோம். பிரிட்டிஷ் சர்க்காரின் கையில் அகப்படாமல் பாரதியார் 1908இல் புதுச்சேரிக்கு வந்தார். 1918 வரையில் பத்து வருஷம் அங்கே இருந்தார். அந்தக் காலத்தில் இளைஞர் சுப்புரத்தினத்துக்கு அவருடைய பழக்கம் ஏற்பட்டது. இவரோ இலக்கணம் படித்த தமிழ் வாத்தியார். பண்டிதத் தமிழில் பாடத் தெரிந்தவர். பாரதியாரோ தெருவில் போகிறவனுக்கும் விளங்கும்படி பாடியவர். தம்முடைய எழுத்து நடையை மாற்றியவர் பாரதியாரே என்று இவரே பின்னால் ஒப்புக்கொண்டிருக்கிறார். தோழர்களே, படித்த வாத்தியார் ஒருவர், நான் கற்றது போதாது, இன்னொருவரிடம் கற்றேன் என்று பகிரங்கமாகச் சொல்லுவது சாதாரண விஷயமா? நம் நாட்டில் நாலெழுத்துத் தெரிந்தவன் எவனாவது அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறீர்களா?

சரி, கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டவர் அப்படியே அங்கேயே உட்கார்ந்துவிட்டாரா என்பதுதான் நாம் பார்க்கவேண்டியது.

பாரதியார் சக்தியைப் பாடினார். இவரும் முதலில் சக்தியைப் பாடினார். 1926இல் மயிலம் முருகன் மேல் துதிப் பாடல் புத்தகம் ஒன்றும் வெளியிட்டார். கதர் மூட்டையைத் தோளில் சுமந்து தெருவில் விற்றவர் இவர். 1930இல் கூடக் கதர் இராட்டினத்தைப் பற்றிப் பாட்டுப் புத்தகம் போட்டார். நம் பக்கத்தில் மோகனூரில் 1888இல் பிறந்த நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் அவர்களும் அதே காலத்தில் தேசியப் பாட்டுப் பாடினார். 1930இல் வேதாரணியத்து உப்பு சத்தியாக்கிரகத் தொண்டர்கள் அவர் பாட்டைத்தான் பாடிக்கொண்டு நடந்தார்கள். 1949இல் சென்னை மாகாணத்தின் அரசவைக் கவிஞராகவும் ஆனார். நம் ஊர்க் கவிஞர் என்ற முறையில் அவரிடத்தில் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அவர் தேசிய வழியிலேயே கடைசி வரையில் இருந்தார். புதுச்சேரி வாத்தியாரோ, வெள்ளைக்காரன் போனாலும் சேரியும் அக்கிரகாரமும் அப்படியே இருந்தால் யாருக்கு என்ன லாபம் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

அவரை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தது எது? பள்ளிபாளையத்துப் பாலத்தைத் தாண்டினால் ஈரோடு. அந்த ஈரோட்டில் 1925 மே மாதம் 2ஆம் தேதி பெரியார் 'குடி அரசு' வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். 1928 வாக்கில் புதுச்சேரி வாத்தியார் அதன் கொள்கையை ஏற்றார். 1930இல் 'சஞ்சீவி பர்வதத்தின் சாரல்' வெளிவந்தது. அதே வருஷம் 'தாழ்த்தப்பட்டோர் சமத்துவப் பாட்டு' வெளிவந்தது. 1933 டிசம்பர் 31ஆம் தேதி சென்னையில் தோழர் சிங்காரவேலர் தலைமையில் நடந்த நாத்திகர் மாநாட்டில், தாம் என்றைக்கும் நாத்திகரே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். 35 வயதில் முருகனைத் துதித்தவர், 42 வயதில் நாத்திகர் என்று கையெழுத்துப் போடுகிறார். அரும்பு மீசைக்காரப் பையன் வேகத்தில் செய்த காரியமா இது? குடும்பமும் குழந்தைகளும் சர்க்கார் உத்தியோகமும் உள்ள மனிதர், ஆற அமர யோசித்துச் செய்த காரியம்.

இனிமேல்தான் நீங்கள் கவனிக்கவேண்டும். நாத்திகர் என்று கையெழுத்துப் போட்ட இரண்டு வருஷத்தில், 1935இல், கவிதைக்கென்றே ஒரு மாதப் பத்திரிகை தொடங்கினார். அதற்கு என்ன பெயர் வைத்தார்? 'ஸ்ரீ சுப்பிரமணிய பாரதி கவிதா மண்டலம்'. கொள்கையில் பாரதியாரை விட்டு வெகுதூரம் வந்துவிட்ட பிறகும், கற்றுக் கொடுத்தவர் பெயரைத் தலைப்பில் போட அவர் வெட்கப்படவில்லை. பாரதிதாசன் என்ற பெயரையும் சாகிற வரையில் மாற்றவில்லை.

இதிலிருந்து என்ன தெரிகிறது? பக்தி வேறு, நன்றி வேறு என்று தெரிகிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்கள்தான் அந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். பக்தன் சாமியைப் பார்த்து ஏன் என்று கேட்க மாட்டான். சாமி சொன்னதாகப் பூசாரி சொன்னால் ஆட்டை வெட்டுவான், மொட்டையும் அடித்துக்கொள்வான். மாணாக்கன் அப்படியல்ல. உபாத்தியாயர் போட்ட கணக்குத் தப்பாக இருந்தால் எழுந்து சொல்லுவான். சொன்ன பிறகும் அவரை வாத்தியார் என்றே கூப்பிடுவான். கணக்குத் தப்பு என்று சொன்னதனால் மரியாதை குறைந்துவிடாது. மரியாதை கொடுத்ததனால் தப்பு சரியாகிவிடாது.

பூணூல் சங்கதியை எடுத்துக்கொள்ளுங்கள். பாரதியார் புதுச்சேரியில், தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்த கனகலிங்கம் என்ற இளைஞருக்குப் பூணூல் போட்டுவிட்டார். அந்தக் காலத்தில் அது துணிச்சலான காரியம். அதை யாரும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் நம் இயக்கம் என்ன கேட்கிறது? ஒருவனை உயர்த்துவதற்கு நூல் எதற்கு? நூல் போட்டால்தான் மனிதன் என்றால், நூல் போடாத கோடிக்கணக்கான ஜனங்கள் கதி என்ன? பாரதியாருடைய மாணாக்கர் இந்தக் கேள்வியின் பக்கத்தில் வந்து நின்றார். குரு ஒருவருக்கு நூல் மாட்டினார். சிஷ்யரோ நூலே வேண்டாம் என்கிற படையில் சேர்ந்தார். இதற்குப் பெயர் அடிமைத்தனமா? குருவின் நல்ல எண்ணத்தை எடுத்துக்கொண்டு, அவர் நின்ற இடத்திலிருந்து ஒரு படி மேலே ஏறினார் என்றுதான் நான் சொல்லுவேன்.

'சஞ்சீவி பர்வதத்தின் சாரல்' என்று சொன்னேனே, அந்தக் கதையைத் தாய்மார்களுக்காகச் சொல்லுகிறேன். குப்பன் என்று ஒரு வாலிபன். வஞ்சி என்று அவனுடைய காதலி. இருவரும் மலைச் சாரலுக்குப் போய் மூலிகை தின்கிறார்கள். அதைத் தின்றவுடன் உலகத்தில் எங்கெங்கோ பேசுகிற பேச்செல்லாம் அவர்கள் காதில் விழுகிறது. அந்நிய நாட்டார் நம் ஜனங்களின் மூடத்தனத்தைப் பற்றிப் பேசுவதையும் கேட்கிறார்கள். அப்போது நம் நாட்டுப் பாகவதர் ஒருவர், அநுமார் சஞ்சீவி மலையைப் பெயர்த்து எடுத்த கதையைச் சொல்லுகிற சப்தமும் வருகிறது. உடனே குப்பன் நடுங்குகிறான். நாம் நிற்கிற மலையையே அநுமார் தூக்குகிறாரே, செத்தோம் என்று பதறுகிறான். வஞ்சிதான் சிரித்துக்கொண்டே, அது காசு வாங்கிக்கொண்டு சொல்லுகிற கதை என்று விளங்க வைக்கிறாள்.

இந்தக் கதை நம் ஜில்லாவுக்கென்றே எழுதினது போல் இருக்கிறதா இல்லையா? நமக்குக் கிழக்கே கொல்லிமலை இருக்கிறது. சேலத்துப் பக்கம் கஞ்சமலை இருக்கிறது. இரண்டிலும் மூலிகை உண்டு. நாமக்கல் நகரத்திலோ 18 அடி உயரத்தில் அநுமாரே நிற்கிறார். அவருக்கு வடையினால் மாலை போடுகிறார்கள். மலையைத் தூக்கினவருக்கு நாம் வடை சுட்டுப் போட்டால்தான் பசி தீரும் என்றால், சங்கதி எப்படி இருக்கிறது பாருங்கள்!

வாத்தியார் தந்திரம் இந்தக் கதையில் எங்கே இருக்கிறது என்றால், பயப்படுகிறவனை ஆணாகவும், புத்தி சொல்லுகிறவளைப் பெண்ணாகவும் வைத்ததில் இருக்கிறது. 1930இல் பெண்ணுக்குப் புத்தி உண்டா என்பதே விவாதமாக இருந்தது. இவர் விவாதம் செய்யாமல், கதையிலே அவளைப் பேசவிட்டுவிட்டார். படிக்கிறவன் சிரித்து முடித்த பிறகுதான், குப்பன் வேறு யாருமல்ல, நான்தான் என்று தெரிந்துகொள்வான்.

பெண்கள் விஷயத்தில் அவர் செய்த தொண்டு இன்னும் பெரிது. விதவை மணத்தைப் பாடினார். கர்ப்பத் தடையைப் பற்றி, வாயால் பேசவே ஜனங்கள் கூசின காலத்தில், கவிதையிலே எழுதினார். படிப்பில்லாத வீடு எப்படிச் சீரழியும் என்பதை 'இருண்ட வீடு' புத்தகத்தில் சிரிக்கச் சிரிக்கக் காட்டினார். படித்த பெண்ணால் வீடு எப்படி விளங்கும் என்பதைக் 'குடும்ப விளக்கு' என்று ஐந்து பகுதிகளாக எழுதினார். அதிலே கடைசிப் பகுதியில், கிழவனும் கிழவியும் ஒருவர் மேல் ஒருவர் வைத்த அன்பைப் பாடியிருக்கிறார். அவசியம் வாங்கிப் படியுங்கள்.

படிக்கும்போது கேள்வி கேட்டும் படியுங்கள். 'குடும்ப விளக்கு' முதல் பகுதியில் அந்தப் பெண் விடியற்காலையில் எழுந்து, கோலம் போட்டு, சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மாமன் மாமிக்குப் பணிவிடை செய்து, கடை வியாபாரத்தையும் பார்க்கிறாள். இராத்திரி வரைக்கும் அவளுக்கு ஓய்வு இல்லை. படித்த பெண் என்றால் இவ்வளவு வேலையும் அவள் தலையில்தானா, புருஷனுக்கு அடுப்படியில் பங்கு இல்லையா என்று நம் வீட்டுப் பெண் கேட்டால், நாம் என்ன பதில் சொல்லப்போகிறோம்? கவிஞர் எழுதிவிட்டார், மூச்சுவிடாதே என்று சொன்னால், நாமும் ஒரு புதுப் புராணம் உண்டாக்கினவர்கள் ஆவோம். அவர் எழுதினது 1940களில். அன்றைக்குப் பெண்ணைப் படிக்க வைப்பதே போராட்டமாக இருந்தது. அவர் அந்தப் படியில் நின்று எழுதினார். அடுத்த படியில் ஏறவேண்டியது நம் வேலை. அவர் தம்முடைய வாத்தியாரிடத்தில் எப்படி நடந்துகொண்டாரோ, அப்படியே நாமும் அவரிடத்தில் நடந்துகொள்ள வேண்டும். அதுதான் அவருக்கு நாம் செய்கிற மரியாதை.

அவருக்கும் நம் சேலத்துக்கும் உள்ள சம்பந்தத்தையும் சொல்லிவிடுகிறேன். 1944 ஆகஸ்டு 27ஆம் தேதி சேலம் மாநாட்டில்தான் ஜஸ்டிஸ் கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது. அந்தக் கழகத்தின் மேடைகளிலெல்லாம் முழங்கியவை இவருடைய பாட்டுகள்தான். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'பொன்முடி' என்ற படம் 1950இல் வெளிவந்தது. அது இவருடைய 'எதிர்பாராத முத்தம்' என்ற காவியத்திலிருந்து எடுத்த கதை. 1952இல் வெளிவந்த 'வளையாபதி' படத்துக்கும் இவர் எழுதினார். அந்த ஸ்டூடியோ இன்றைக்கு இல்லை. ஏற்காடு ரோட்டில் அதன் வாசல் வளைவு மாத்திரம் நிற்கிறது.

1946 ஜூலை 29ஆம் தேதி, தோழர் அண்ணாதுரை முன்னின்று நிதி திரட்டி, சென்னையில் நடந்த விழாவில் 25,000 ரூபாய் பணமுடிப்பை இவருக்குக் கொடுக்கச் செய்தார். ஓய்வு பெறப்போகிற ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு, ராஜாவும் ஜமீன்தாரும் தராமல், ஜனங்கள் சேர்த்துக் கொடுத்த பரிசு அது. பழைய புலவர்கள் பரிசிலுக்காக அரசன் வாசலில் காத்துக் கிடந்தார்கள். இவர் காலத்தில் அந்த முறை மாறிற்று. 1955இல் புதுச்சேரிச் சட்டசபைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1964 ஏப்ரல் 21ஆம் தேதி சென்னையில் ஆஸ்பத்திரியில் காலமானார். 'பிசிராந்தையார்' என்ற நாடகத்துக்குச் சாகித்திய அக்காதெமி பரிசு, அவர் செத்த பிறகு, 1969ஆம் வருஷத்துக்காகக் கொடுக்கப்பட்டது. திருச்சியில் 1982இல் அவர் பெயரால் சர்வகலாசாலை ஏற்பட்டது. 1990இல் தமிழ்நாடு சர்க்கார் அவருடைய நூல்களை நாட்டுடைமை ஆக்கியது. புதுச்சேரியில் அவர் வாழ்ந்த வீடு இன்றைக்கு நினைவு நிலையமாக இருக்கிறது. அந்த வீடு இருக்கிற தெருவுக்குப் பெருமாள் கோயில் தெரு என்று பெயர்! நாத்திகர் வாழ்ந்த வீடு பெருமாள் தெருவில் இருப்பதனால் பெருமாளுக்கும் நஷ்டம் இல்லை, கவிஞருக்கும் நஷ்டம் இல்லை.

தோழர்களே! சிலையும் பரிசும் பெயரும் வந்த பிறகு ஒரு ஆபத்தும் கூடவே வந்திருக்கிறது. அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். நம் நாமக்கல் ஜில்லா கோழிப் பண்ணைக்குப் பேர் போனது. லாரிக்குப் பேர் போனது. பிறகு மார்க்கு வாங்கவைக்கிற விடுதிப் பள்ளிக்கூடங்களுக்கும் பேர் போனது. விடியற்காலையில் எழுப்பி, இராத்திரி வரையில் உட்காரவைத்து, பாடத்தை உருப்போடச் செய்து, பரீட்சைத் தாளில் கக்கச் செய்கிறார்கள். யார் முதல் மார்க்கு என்று விளம்பரப் பலகை வைத்துக் கொண்டாடினோம். 2017இல் சர்க்கார் அந்த ராங்குப் பட்டியலை நிறுத்தியது. பட்டியல் நின்றது, உருப்போடுவது நிற்கவில்லை.

அந்தப் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் பாரதிதாசனும் இருக்கிறார். அவர் பாட்டை எப்படிப் படிக்கிறார்கள்? அடி மாறாமல் ஒப்பிக்க வேண்டும், ஒப்பித்தால் இவ்வளவு மார்க்கு என்று படிக்கிறார்கள். மூட நம்பிக்கையைக் கண்டித்த பாட்டை ஒப்பித்து மார்க்கு வாங்கிவிட்டு, பரீட்சைக்குப் போகும்போது பேனாவைச் சாமி முன்னால் வைத்து எடுத்துக்கொண்டு போகிறார்கள். பிள்ளையைக் குற்றம் சொல்லாதீர்கள். இந்தப் பாட்டு என்ன சொல்லுகிறது, அது சரியா தப்பா என்று அந்தப் பிள்ளையை எவரும் கேட்கவில்லை. சமஸ்கிருத மந்திரத்தைப் பொருள் தெரியாமல் ஒப்பிக்கிறதற்கும், பாரதிதாசன் பாட்டைப் பொருள் தேடாமல் ஒப்பிக்கிறதற்கும் என்ன வித்தியாசம்? முன்னதில் தட்சணை, பின்னதில் மார்க்கு. அவ்வளவுதான்.

37 வருஷம் உபாத்தியாயராக இருந்தவரை இப்படி மந்திரமாக்கி வைத்தால், அவரை நாத்திகர் என்று திட்டுகிறவர்களைவிட நாமே அவருக்கு அதிகக் கெடுதல் செய்தவர்கள் ஆவோம்.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது பெரிய காரியம் ஒன்றுமில்லை. முன்னே நம் ஊர்களில் எழுத்துத் தெரிந்தவர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து 'குடி அரசு' பத்திரிகையை உரக்கப் படிப்பார். எழுத்துத் தெரியாத பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். கேட்டுவிட்டுச் சண்டை போடுவார்கள். அப்படித்தான் இந்த இயக்கம் வளர்ந்தது. இன்றைக்கு எல்லார் வீட்டிலும் எழுத்துத் தெரிந்த பிள்ளை இருக்கிறது. நூல்களோ நாட்டுடைமை, மலிவாகக் கிடைக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஊருக்குப் பத்து வீட்டார் கூடுங்கள். ஒரே ஒரு பாட்டை எடுத்து ஒரு பிள்ளை படிக்கட்டும். இது சரியா என்று மற்றவர்களைக் கேளுங்கள். பெண்பிள்ளைகளை முதலில் பேசவிடுங்கள். கவிஞர் சொன்னது தப்பு என்று ஒரு பெண் சொன்னால், அவளை அடக்காதீர்கள். ஏன் தப்பு என்று காரணம் கேளுங்கள். காரணம் சரியாக இருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள்.

அந்த ஒரு மணி நேரத்துக்கு மாலையும் வேண்டாம், படத்துக்கு முன்னால் விளக்கும் வேண்டாம். ஒரு புத்தகமும், கேள்வி கேட்கத் துணிந்த நாலு பிள்ளைகளும் இருந்தால் போதும். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே இந்த ஊரில் தொடங்க வேண்டுமென்று தலைவர் அவர்களையும், வாலிபத் தோழர்களையும், முக்கியமாகத் தாய்மார்களையும் கேட்டுக்கொள்கிறேன்.